ஆரோக்கியமானவர்கள் வரிசை

திருத்தணி
11 மார்ச் 2007

கர்த்தருக்குள் பிரியமான ஹெப்சிக்கு,

அக்கா லோயிஸ் எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறையில்லை. அரக்கோணத்தில் தம்பி இஸ்ரேலும் பிள்ளைகளும் சுகம். அங்கே குளிர் விட்டதா, உன் சளி போயிற்றா என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

நீ புது வேலைக்கு மாறிய செய்தியை இஸ்ரேல் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான். போனில் அவனோடு அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாய். அவன் எனக்கு எழுதியது "புற்றுநோய் ஆராய்ச்சி, ரத்தம்", அவ்வளவுதான். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா எனக்கு உதடு தெரிகிற மாதிரி என் எதிரே வந்து நின்று, "உன் தங்கச்சி அமெரிக்காவுல இன்னா வேல செய்துகினு இருக்குது?" என்று கேட்டார். "ரத்தம் பாக்குதுங்க" என்றேன். "சக்கரை டெஸ்ட்டு மாதிரியா?" என்றார். "ஆங்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. இவ்வளவு படித்த தங்கையின் வேலை என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் எட்டாவதோடு நின்றவள். அந்தக் காசநோய் ஊசி என் காதை மட்டுமா எடுத்தது, பள்ளிக்கூடத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டது.

கடையில் ஈஸ்டர் துணிகள் குவிந்து கிடக்கின்றன. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மதியம் எழுந்திருக்கிறேன். யாராவது தோளைத் தொட்டால்தான் ஆள் வந்திருப்பதே தெரிகிறது. சில நாள் யாரும் தொடுவதில்லை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.
உன் அக்கா,
லோயிஸ்


2 ஏப்ரல் 2007

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டது. குளிர் இன்னும் போகவில்லை. உன் முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

ஆடிக் கிருத்திகை அன்று மலைக்குப் போகிற கூட்டத்தை நினைத்துக்கொள். எல்லோரும் மஞ்சள் துணி. அதே மஞ்சள் துணியில் ஒரே ஒரு திருடனும் போகிறான் என்று வை. ரத்தம் அப்படித்தான். ஒரு துளியிலேயே கோடிக்கணக்கான அணுக்கள். புற்றுக்கட்டியிலிருந்து கழன்று வந்த அணு ஒரு கரண்டி ரத்தத்தில் ஏதோ ஒன்றிரண்டு இருக்கும். அதுதான் உடம்பில் வேறு இடம் தேடிப் போய் வேர்விடுகிறது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் தீப்பெட்டி அளவில் ஒரு சில்லு செய்கிறோம். அதற்குள் தலைமயிர் பருமனில் ஆயிரக்கணக்கான தூண்கள். தூண்களின் மேல் ஒரு பூச்சு. அது திருடனின் சட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளும், மற்றவர்களை விட்டுவிடும். ரத்தத்தை மெதுவாக, மிகவும் மெதுவாக உள்ளே அனுப்புவோம். அவசரப்பட்டால் பிடிபட்டதும் நழுவிவிடும். மற்ற எல்லோரும் தூண்களைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். ஒட்டிக்கொண்டு நிற்பவன் மைக்ராஸ்கோப்பில் சிவப்பாக மினுங்குவான்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஒன்றும் அகப்படக் கூடாது. அப்போதுதான் சில்லு பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். அதற்கு வேறு யாரைத் தேடுவது? ஆய்வகத்தில் இருப்பவர்களே முறைபோட்டுக் கொடுக்கிறோம். போன வாரம் என் முறை. குழாயில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். கொடுத்துவிட்டு ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன்.

இங்கே தமிழ் பேச ஆளில்லை. அறையில் தனியாக இருக்கும்போது சத்தமாகத் தமிழில் பேசிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் என்ன நினைக்கிறார்களோ.

உன் தங்கை,
ஹெப்சி


திருத்தணி
25 ஏப்ரல் 2007

கர்த்தருக்குள் பிரியமான ஹெப்சிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எண்ணெய் தேய்க்கிறேன், வலி இருக்கத்தான் செய்கிறது. வெயிலைப் பற்றி எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும்.

நீ எழுதியது முழுவதும் புரிந்தது. போதகர் ஐயாவிடம் தூண்களைப் பற்றியும் திருடனைப் பற்றியும் சொன்னேன். அவர் மனைவியையும் கூப்பிட்டு, "இங்க வா, லோயிஸு இன்னா சொல்லுது கேளு" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, வாசலில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கே.ஜி.கண்டிகையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் சந்திராவைத் தெரியுமல்லவா? ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். ரவிக்கை தைக்க வந்தாள். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்க முடியவில்லை. "விடுங்கக்கா, உத்தேசமா தைங்க" என்றாள். அந்தப் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள் நகரவே இல்லை. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அம்மா காலத்தில் உன் சில்லு இல்லாமல் போயிற்றே.

கர்த்தர் துணை.
லோயிஸ்


30 மே 2007

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். நீ சௌக்கியம் என்று நம்புகிறேன்.

ஆய்வில் ஒரு சிக்கல். ஆரோக்கியமானவர்கள் கொடுத்த ரத்தத்தில் ஒரு குழாயில் மட்டும் சிவப்பாகச் சில அணுக்கள் தெரிகின்றன. சில்லைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள், வேறு யாருடைய ரத்தமோ கலந்திருக்கும் என்கிறார் பேராசிரியர். அதே ஆளிடம் மறுபடியும் ரத்தம் எடுத்துப் புதுச் சில்லில் ஓட்டினோம். மறுபடியும் தெரிந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், ஆராய்ச்சிக்காகத்தான். அம்மாவுக்கு முதலில் என்ன தெரிந்தது? அப்போது என்ன வயது? மணவூர்ப் பெரியம்மா இறந்ததும் இதே நோயாலா? நான் அப்போது விடுதியில் இருந்தேன், எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. உனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுது.

ஹெப்சி


திருத்தணி
20 ஜூன் 2007

பிரியமான ஹெப்சிக்கு,

என் சுகத்துக்குக் குறைவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

நீ கேட்டதை எழுதுகிறேன். பெரியம்மாவுக்கும் அதே நோய்தான். அப்போது "வயித்துல கட்டி" என்று எல்லோரிடமும் சொன்னார்கள். மார்பு என்று சொல்ல வெட்கம். பெரியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அம்மாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். முதலில் வலியே இல்லை. குளிக்கும்போது அக்குள் பக்கம் ஒரு புளியங்கொட்டை மாதிரி தட்டுப்பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வருஷம் நடமாடினாள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. நான் மிஷினில் உட்கார்ந்திருப்பேன், அம்மா என் முதுகுக்குப் பின்னால் காஜா போட்டுக்கொண்டிருப்பாள். எனக்குக் கேட்காது என்பதால் அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுவாள். ஊரில் அவளுக்கு அழ இருந்த ஒரே இடம் அதுதான். ஒருநாள் சுவர்க் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். நான் திரும்பவில்லை. தைத்துக்கொண்டே இருந்தேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லும்போது காலம் கடந்துவிட்டது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாயிலிருந்த ரத்தம் யாருடையது?

லோயிஸ்


திருத்தணி
12 ஆகஸ்ட் 2007

பிரியமான ஹெப்சிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருக்கட்டும். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சடகோபன் தெருவில் திரும்பும்போதே என்னைப் பார்த்துக் கையை விரித்துவிடுகிறார்.

ஆடிக் கிருத்திகை முடிந்தது. மஞ்சள் துணி தைத்துத் தைத்து விரலெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கடை வாசலில் காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. மேளம் அடித்தால் தரை அதிரும், அது எனக்கு உள்ளங்காலில் தெரியும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நீ எழுதியதை நினைத்தேன்.

இஸ்ரேலை உனக்குப் போன் செய்யச் சொன்னேன். பேசிவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, வேல ஜாஸ்தியாம்" என்றான். குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "குரல் எப்பவும்போலத்தான்" என்றான். அவனுக்குக் குரலாவது கிடைத்தது. எனக்கு உன் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நாலு வரி எழுதினால் போதும்.

உன் அக்கா


3 செப்டம்பர் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன.

இது அச்சில் வந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டேன். எழுதுவதைவிட இது சுலபம்.

இங்கே மர இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வரிசைகள் உள்ள ஒரு படம் அதில் வரும். ஒன்று நோயாளிகள், மற்றது ஆரோக்கியமானவர்கள். பேராசிரியர் அதையே திருத்தித் திருத்திப் போடச் சொல்கிறார்.

கொஞ்சம் இளைத்திருக்கிறேன். வேலைதான் காரணம். கவலைப்படாதே. முட்டியைப் பார்த்துக்கொள். இஸ்ரேலுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

ஹெப்சி


திருத்தணி
24 செப்டம்பர் 2007

ஹெப்சி,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், கடிதம் வந்தது. கவரைப் பிரித்ததும் வேறு யாருக்கோ வந்ததோ என்று பார்த்தேன்.

நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சந்திரா இரண்டாவது ரவிக்கைக்கு வந்தாள். கை இப்போது காது வரைக்கும் போகிறது. "ஆபரேசன் ஆன புதுசுல ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடவே உசுரு போச்சுக்கா" என்றாள். அவள் சொன்னதும் உன் அச்சுக் கடிதம் நினைவுக்கு வந்தது, என் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அதற்குமேல் எதையும் தைக்கவில்லை.

உனக்கு எந்தப் பக்கம்? வலது பக்கமா?

அம்மாவிடம் நான் கேட்காமல் இருந்துவிட்டேன். உன்னிடம் கேட்கிறேன். வளைத்து வளைத்து எழுதாதே.

லோயிஸ்


20 அக்டோபர் 2007

அன்புள்ள அக்கா,

ஆமாம். வலது பக்கம்.

கையால்தான் எழுதுகிறேன். வரிகள் கோணலாக வரும், பொறுத்துக்கொள்.

அந்தக் குழாய் என்னுடையது. எண் ஒட்டியது நானேதான், அதனால் முதல் தடவையே தெரியும். மைக்ராஸ்கோப்பில் சிவப்பாகத் தெரிந்தபோது நானும் சில்லைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டாவது தடவையும் எண் மட்டும் ஒட்டி நானே குழாயைக் கொண்டுபோய் வைத்தேன். அதிலும் தெரிந்ததும் பேராசிரியர், "யார் அது? ரத்தம் கொடுத்தவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்" என்றார். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தோம். "சொல்லிவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னேன், வேறு யாரிடமோ சொல்லப்போகிற மாதிரி. பக்கத்தில் இருந்த மெய்லின் என் முகத்தைப் பார்த்தாள். சீனத்துப் பெண். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, "நீதானே?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகும் நான் போகவில்லை. சில்லு இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அது சொல்வதை நம்பி எந்த மருத்துவரும் கத்தி எடுக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த நேரத்தில்தான் அம்மாவையும் பெரியம்மாவையும் பற்றி நீ எழுதியது வந்தது. படித்துவிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன். உடனே படம் எடுத்தார்கள். உள்ளே ஆழத்தில் ஒரு பட்டாணி அளவு இருந்தது. ஜூலைக் கடைசியில் ஆபரேஷன். அக்குளிலும் எடுத்தார்கள். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். தலைமுடி போய்விட்டது. மெய்லின் கூட வந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் வேலை இருக்கிறது, எப்போதும் வர முடியாது.

கட்டுரைப் படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஆரோக்கியமானவர்கள் வரிசையில் நான் இருக்க முடியாது. நோயாளிகள் வரிசையில் சேர்க்கலாமென்றால், அவர்களெல்லாம் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு ரத்தம் கொடுத்தவர்கள். அதனால் அங்கேயும் இடமில்லை. அதுதான் நியாயம், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். புதுப் படத்தை நானே வரைந்து கொடுத்தேன். என் புள்ளி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவள் நீ. இன்னொருமுறை உன் தலையில் இதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இஸ்ரேலிடம் சொன்னால் அவன் உனக்கு இரண்டு வரியில் எழுதிக் காட்டுவான். அந்தக் காகிதத்தை நீ கையில் வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஜெபித்துக்கொள்.

உன் ஹெப்சி


திருத்தணி
8 நவம்பர் 2007

என் பிரியமான ஹெப்சிக்கு,

கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கிறார். நான் தூரத்தில் இருக்கிறேன், அதுதான் குறை.

உன் கடிதத்தை இஸ்ரேலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "நான் போறேன்" என்றான். அவன் ரயில்வே வேலையில் லீவு கிடைக்காது. பெண்ணுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு. "நான் போறேன்டா" என்றேன். "அக்கா, நீ அரக்கோணத்தத் தாண்டித் தனியா போனதில்ல. ஏரோப்ளேன்ல இன்னா சொல்றாங்கன்னு உனக்கு எப்டித் தெரியும்?" என்றான். "காது கேக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சிடுதா?" என்றேன். மறுநாள் பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய காகிதங்களை அவனே வாங்கி வந்தான்.

வர வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் உன் கடிதம் வருவதற்குள் வேலை பாதி முடிந்திருக்கும்.

லோயிஸ்


16 டிசம்பர் 2007

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் சுகத்துக்காக வேண்டிக்கொள்கிறேன்.

மருந்து ஏற்றுவது முடிந்துவிட்டது. வாயில் புண் இருக்கிறது, ஆறிவிடும். இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறது. மெய்லின் ஊருக்குப் போயிருக்கிறாள். ஆய்வகத்தில் யாரும் இல்லாத ஒரு பகலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

பேராசிரியர் நல்லவர். "விருப்பமிருந்தால் உன் ரத்தத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதை வைத்து நான் உனக்கு எதையும் சொல்ல முடியாது" என்றார். ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் சிக்கவில்லை. இதற்குச் சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சிக்காததால் இல்லை என்று ஆகிவிடாது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

விமானத்தில் உனக்குக் குளிரும். கம்பளிச் சால்வை ஒன்று வாங்கிக்கொள்.

ஹெப்சி


திருத்தணி
28 ஜனவரி 2008

பிரியமான ஹெப்சிக்கு,

ஸ்தோத்திரம். சால்வை வாங்கிவிட்டேன். விசாவும் கிடைத்துவிட்டது.

இஸ்ரேலும் நானும் விடியலில் ரயிலேறிச் சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனோம். அவனை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர். அவர் பேசுவது மைக் வழியாக வருமாம். இங்கிலீஷில் அசைந்த உதட்டைப் பார்த்து நான் என்ன தெரிந்துகொள்வது? காதைத் தொட்டுக் கையை ஆட்டினேன். அவர் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார். சின்னப் பெண், நிதானமாகப் பேசினாள், உதடு நன்றாகத் தெரிந்தது. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். நீ அனுப்பியிருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஏதோ கேட்டார். அவள் கேட்கத் தயங்கினாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குக் காது கேக்காது, இங்கிலீஷ் தெரியாது. அங்க போய் அவங்களுக்கு நீங்க எப்படி உதவியா இருப்பீங்கன்னு கேக்குறாரும்மா."

வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போன பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. "அங்க அதுக்குத் தமிழ் பேச ஆளில்லமா. எனக்குக் கேக்காது. ஆனா அது பேசலாம் இல்ல?" என்றேன். அந்தப் பெண் கீழே பார்த்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

வெளியே இஸ்ரேல் ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தான். அவன் சாப்பிடவில்லை.

கடைச் சாவியைச் சந்திராவிடம் கொடுத்திருக்கிறேன். தைத்துவைத்த துணிகளை அவள் கொடுத்துவிடுவாள். வருகிற பதினான்காம் தேதி ராத்திரி விமானம். நடுவில் ஓர் ஊரில் மாற வேண்டுமாம். அதற்கு இஸ்ரேல் ஓர் அட்டையில் இங்கிலீஷில் எழுதி என் கழுத்தில் தொங்கவிடப் போகிறான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி. எனக்கு வெட்கமில்லை.

கூட்டத்தில் என்னைப் பார்த்தால் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே. நேரே வந்து என் தோளைத் தொடு.

உன் அக்கா,
லோயிஸ்